நளீம் ஹாஜியார்: கொடுத்தவரும் கொடுத்த முறையும்

நெல்லியடிச் சந்தியில் இறங்கி எந்தத் திசையில் நடந்தாலும் 'உபயம்' என்ற சொல்லைக் காணாமல் அரை மைல் தூரம் செல்ல முடியாது. கோயில் மணியில், மடத்துத் திண்ணையில், வாசிகசாலைச் சுவரில், பாடசாலைத் தண்ணீர்த் தொட்டியில், மண்டபத்து மின்விசிறியின் இறகில் கூட அச்சொல் எழுதப்பட்டிருக்கும். கொடுத்தவரின் பெயரும், பெரும்பாலும் அவருடைய காலஞ்சென்ற பெற்றோரின் பெயரும் அதன் கீழே இருக்கும். வடமராட்சியின் கல்வியும் சமயமும் தனவந்தர்களின் கைப்பொருளால் வளர்ந்தவை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனால் இதே ஊரில்தான் 1987 ஜூலை 5 ஆம் திகதி இரவு நடந்தது எமக்கு நினைவிருக்கிறது. இராணுவம் முகாமிட்டிருந்த நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்தின் மீது வெடிமருந்து நிரப்பிய வாகனம் மோதவிடப்பட்டது. உயிர்களோடு கட்டடங்களும் போயின. பல தலைமுறைகள் சிறுகச் சிறுகக் கட்டியெழுப்பியவை ஓரிரவில் கல்லும் மண்ணுமாகின. அப்பாடசாலையில் படித்து வெளியேறிய மாணவரிடம் இருந்த கல்வியை மட்டும் அந்த வெடியால் ஒன்றும் செய்ய இயலவில்லை.

கொடை எங்கே தங்குகிறது என்ற இந்தக் கேள்வியோடு, நெல்லியடியிலிருந்து வெகு தொலைவில், தென்னிலங்கைக் கடற்கரை ஊராகிய பேருவளையில் வாழ்ந்து 2005 ஆம் ஆண்டு மறைந்த ஒரு செல்வரைப் பற்றி எழுத முற்படுகிறோம். முஸ்லிம் வாசகர்களுக்கு அவர் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தமிழ் வாசகர்களுள் பலருக்கு 'நளீம் ஹாஜியார்' என்பது எங்கோ கேள்விப்பட்ட பெயராக மட்டுமே இருக்கக் கூடும். அவருடைய மிகப்பெரிய கொடைக்கு வழிகாட்டியவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் பிறந்தவர் என்பதை அறிந்தவர்கள் இரு சமூகத்திலும் குறைவு.

முகம்மது இஸ்மாயில் முகம்மது நளீம் 1933 ஆம் ஆண்டு பேருவளையின் சீனன்கோட்டையில் பிறந்தார். பேருவளை, அரபு வணிகர்கள் இலங்கையில் முதன்முதலாகக் குடியேறிய இடங்களுள் ஒன்றெனக் கருதப்படும் பழம்பதி. கடலை நோக்கி நிற்கும் கெச்சிமலைப் பள்ளிவாசல் அவ்வரலாற்றின் அடையாளம். சீனன்கோட்டையோ மாணிக்கக்கல் வணிகத்தின் கோட்டை. கல் விளைவது மலையடிவாரத்து இரத்தினபுரியில். அதை விலை மதித்து, பட்டை தீட்டி, கடல் கடந்து விற்பது இக்கரையோரத்து முஸ்லிம்களின் பரம்பரைத் தொழில்.

வறிய குடும்பத்தில் பிறந்த நளீம் பள்ளிப் படிப்பை நெடுந்தூரம் தொடர வாய்ப்பற்றவராக, சிறு வயதிலேயே இத்தொழிலுக்குள் இறங்கினார். மாணிக்கக்கல் வணிகத்தைப் பட்டறிவில்லாதவர் வெளியிலிருந்து பார்த்தால் சூதாட்டம் போலத் தோன்றும். உண்மையில் அது கண்ணும் நாணயமும் சார்ந்த தொழில். பல இலட்சம் பெறுமதியான கல் ஒரு காகிதப் பொட்டலத்தில், வாய்ச்சொல்லின் பேரில் கைமாறும். சொல் தவறியவருக்கு மறுநாள் எவரும் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டமாட்டார். அந்தச் சந்தையில் வளர்ந்து நாட்டின் முன்னணி மாணிக்கக்கல் ஏற்றுமதியாளராக உயர்ந்தார் என்றால், அவருக்குக் கல்லின் தரம் தெரிந்திருந்தது என்பது மட்டும் பொருளன்று; அவர் சொல்லுக்கும் சந்தையில் விலை இருந்தது. 1970களின் தொடக்கத்தில் அரசாங்கம் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் திணறி, மாணிக்கக்கல் ஏற்றுமதியாளருக்குச் சலுகைகள் அளித்து ஊக்குவித்த காலம் அவருடைய வணிகத்தின் உச்சக் காலமாயிற்று. 1971 இல் அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனம் தோற்றுவிக்கப்பட்டதும் இப்பின்னணியிலேயே.

செல்வம் சேர்த்தவர்கள் நம் நாட்டில் பலர். சேர்த்ததைக் கொடுத்தவர்களும் இல்லாமலில்லை. நளீம் ஹாஜியார் எதற்குக் கொடுத்தார், எப்படிக் கொடுத்தார் என்பதுதான் இங்கு ஆராயத்தக்கது. அதற்கு முன், முஸ்லிமல்லாத வாசகர்களுக்காக இஸ்லாமியக் கொடை முறை பற்றிச் சில சொற்கள்.

ஸகாத் என்பது விரும்பினால் கொடுக்கும் தருமமன்று, கடமை. ஏறத்தாழ 85 கிராம் தங்கத்தின் பெறுமதியை எட்டும் செல்வம் சந்திரக் கணக்கில் ஓராண்டு ஒருவரிடம் தங்குமாயின் அதில் நூற்றுக்கு இரண்டரை வீதத்தை அவர் வழங்கியாக வேண்டும். வறியவர், கடன்பட்டவர், வழிப்போக்கர் என அதைப் பெறுவோர் எட்டு வகையினராகத் திருக்குர்ஆனில் வரையறுக்கப்பட்டுள்ளனர். பெரும்பான்மையான மார்க்க அறிஞர்களின் கருத்துப்படி, கட்டடம் எழுப்புவதற்கு ஸகாத் பணத்தைப் பயன்படுத்தலாகாது. எனவே பாடசாலைகளும் கலாசாலைகளும் எழுவது ஸகாத்துக்கு அப்பாற்பட்ட, மனமுவந்து கொடுக்கும் ஸதகாவினாலேயே. கொடுத்தவர் இறந்த பின்னும் பயன் ஓடிக்கொண்டிருக்கும் கொடைக்கு 'ஸதகதுல் ஜாரியா' என்று பெயர். கிணறு, மரம், கல்வி ஆகியன அதன் வழமையான உதாரணங்கள். இவ்வாறு ஒரு சொத்தை நிரந்தரமாக அர்ப்பணித்துவிட்டால் அது வக்பு. அதன் பின்னர் அதை விற்கவோ, நன்கொடையாக எழுதவோ, பிள்ளைகள் பங்கிடவோ இயலாது. இலங்கையில் இதற்கென 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. நமது ஊர்களில் 'தருமசாதனம்' எழுதி வைக்கும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இக்கருத்து அந்நியமாகத் தோன்றாது.

இந்த மரபில் வந்த தனவந்தர் ஒருவர் செய்யக்கூடிய இயல்பான காரியம், பெரியதொரு பள்ளிவாசலைக் கட்டுவதும் வறியோருக்கு வாரி வழங்குவதுமே. நளீம் ஹாஜியாரும் வறியோருக்கு வழங்கினார். ஆனால் தமக்குக் கிட்டாத கல்வியைப் பற்றிய ஏக்கம் அவரை வேறொரு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. அந்த வாசல் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களுடையது.

அஸீஸ் 1911 ஒக்டோபர் 4 ஆம் திகதி வண்ணார்பண்ணையில் பிறந்தவர். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றவர். சைவ மாணவர்களோடு ஒரே வாங்கில் இருந்து தமிழ் கற்ற இந்த முஸ்லிம் மாணவர் 1935 இல் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் ஆனார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகப் பணிபுரிந்தபோது விவசாயத்தையும் கல்வியையும் ஒருங்கே ஊக்குவித்தார். சுவாமி விபுலானந்தரோடு நெருங்கிப் பழகினார். 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடக்கி வைத்தார். 1948 இல், சிவில் சேவையின் அதிகாரத்தையும் சம்பளத்தையும் துறந்து, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபர் பதவியை ஏற்றார். 1961 வரை அங்கு இருந்தார். செனற்றராகவும் விளங்கினார். தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956 இல், தாம் சார்ந்திருந்த கட்சியை மொழிக் கொள்கையின் பொருட்டு விட்டு விலகினார்.

கல்விச் சகாய நிதியைப் பற்றி இங்கே சற்று நின்று நோக்குவது தகும். அதற்கெனக் கோபுரமோ மண்டபமோ கிடையாது. செல்வரிடம் பெற்று வறிய மாணவருக்குக் கொடுத்து, அம்மாணவர் பட்டம் பெற்றுத் தொழிலில் அமர்ந்ததும் அவரைத் தம் தம்பிமாருக்குக் கொடுக்கச் செய்வதே அதன் உள்ளியல்பு. பணத்தை மனிதரில் முதலீடு செய்யும் கலையை இலங்கை முஸ்லிம்களுக்குப் பயிற்றுவித்தவர் அஸீஸ் என்று கூறினால் அது மிகையாகாது. நளீம் ஹாஜியார் அவரிடம் ஆலோசனை கேட்டுச் சென்றார் என்பது, பணமுள்ளவர் அறிவுள்ளவரைத் தேடிச் சென்ற நிகழ்ச்சி. நமது சமூகங்களில் வழக்கமாக நடப்பது இதற்கு மறுதலை என்பதைச் சொல்ல வேண்டுமா?

இச்சந்திப்புகளின் விளைவாகவே, மார்க்கக் கல்வியையும் நவீன கல்வியையும் ஒரே கூரையின் கீழ் இணைக்கும் கலாபீடமொன்றின் எண்ணம் உருப்பெற்றது. அதுவரை நிலவிய முறையில் அரபு மத்ரஸாவில் ஓதியவர் பல்கலைக்கழகத்தின் பக்கம் போனதில்லை. பல்கலைக்கழகம் சென்றவர் மார்க்க நூல்களை மூல மொழியில் படித்ததில்லை. மௌலவியும் பட்டதாரியும் ஒரே வீட்டில் பிறந்தாலும் இரு வேறு உலகங்களில் வாழ்ந்தனர். இந்தப் பிளவை அகற்றுவதே புதிய நிறுவனத்தின் நோக்கம். 1973 ஓகஸ்ட் 19 ஆம் திகதி பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யா திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 24 இல் அஸீஸ் காலமானார். தாம் நட்ட விதையின் முளையை மட்டுமே அவரால் காண முடிந்தது.

நளீமிய்யாவில் மாணவர் ஏழாண்டுகள் விடுதியில் தங்கிப் பயில்கின்றனர். அரபு மொழி, குர்ஆன் விளக்கவுரை, ஹதீஸ், சட்டவியல் ஆகியவற்றோடு சமூக விஞ்ஞானங்களும் வரலாறும் ஆங்கிலமும் கற்பிக்கப்படுகின்றன. கூடவே பல்கலைக்கழக வெளிவாரிப் பட்டத்துக்கும் தோற்றுகின்றனர். 'நளீமி' என்ற பின்னொட்டோடு வெளிவரும் இவர்களை இன்று பாடசாலைகளிலும் பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களிலும் அரச நிருவாகத்திலும் ஊடகங்களிலும் காணலாம்.

தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. இந்நிறுவனத்தின் பயிற்று மொழி அரபோடு தமிழ். சிங்களம் பேசும் மாவட்டத்தின் நடுவே, தமிழ் பேசும் கடலோரத் தீவு போன்ற பேருவளையில், இஸ்லாமியச் சிந்தனையைத் தமிழில் எழுதவும் விவாதிக்கவும் பயிற்றும் இடம் ஒன்று அரை நூற்றாண்டாக இயங்குகிறது. அங்கிருந்து வெளிவரும் 'இஸ்லாமிய சிந்தனை' சஞ்சிகையின் தமிழ் நடையைப் படித்தவர்கள், அஸீஸின் 'இலங்கையில் இஸ்லாம்' நூல் தொடக்கி வைத்த உரைநடை மரபு அறுந்து போகவில்லை என்பதை உணர்வர். இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரைத் தொகுதி ஒன்றையும் 1986 இல் அந்நிறுவனம் வெளியிட்டது. அதன் பதிப்பாசிரியர் கலாநிதி எம்.ஏ.எம். சுக்ரி. பேராதனையிலும் எடின்பரோவிலும் பயின்ற அவர், நளீமிய்யாவின் பணிப்பாளராக நெடுங்காலம் இருந்து 2020 இல் காலமானார்.

இங்கேதான் நளீம் ஹாஜியாரின் பெருமையை நாம் காண்கிறோம். கலாபீடம் அவருடைய பெயரைத் தாங்கி நின்றது, பணம் அவருடையது. ஆனால் பாடத்திட்டத்தை வகுத்தவர்கள் கல்விமான்கள், நடத்தியவர்களும் அவர்களே. பணம் கொடுத்தவர் அதிபரின் நாற்காலியிலும் அமர விரும்புவதும், தம் மைத்துனரை ஆசிரியராக நியமிக்கக் கேட்பதும், பரிசளிப்பு விழாவில் ஒலிவாங்கியை விடாது பற்றிக் கொள்வதும் நாம் அன்றாடம் காணும் காட்சிகள். பள்ளிப் படிப்புக் குறைந்த ஒருவர், தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் விட்டுவிடும் பண்பைக் கொண்டிருந்தார் என்பது, அவர் கொடுத்த தொகையைக் காட்டிலும் அரிய கொடை. இஸ்லாமிய மறுமலர்ச்சி இயக்கத்தின் வாயிலாகப் பல்கலைக்கழக மாணவருக்கு உதவித் தொகை வழங்கியதும், பேருவளையில் இக்ரஃ தொழில்நுட்ப நிறுவனத்தை ஏற்படுத்தியதும் இதே மனப்பாங்கின் தொடர்ச்சியே.

அவர் முன்னோடிகள் இல்லாதவரல்லர். கொழும்பு நூதனசாலைக் கட்டடத்தை எழுப்பிய ஒப்பந்தகாரர் வாப்பிச்சி மரைக்கார், 1877 இல் அதன் திறப்பு விழாவில் ஆளுநர் கிறகரி என்ன சன்மானம் வேண்டுமெனக் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடி வைக்குமாறு மட்டும் கேட்டார் என்று சொல்வதுண்டு. அதே மரைக்கார்தான், சித்திலெப்பையின் சிந்தனைக்கும் நாடு கடத்தப்பட்டு இங்கு வாழ்ந்த எகிப்தியத் தலைவர் ஒராபி பாஷாவின் ஊக்கத்துக்கும் செயல்வடிவம் கொடுத்து, 1892 இல் மருதானையில் பின்னாளைய ஸாஹிராக் கல்லூரி எழக் காரணரானவர்களுள் ஒருவர்.

வடக்கிலே இதற்கு ஒப்பான பெயர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். இப்பெயர் முஸ்லிம் வாசகர் சிலருக்குக் கசக்கும் என்பதை நாம் அறிவோம். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று 1880களில் அவர் முன்வைத்த வாதம், சட்டசபைப் பிரதிநிதித்துவத்தை முஸ்லிம்களுக்கு மறுக்கும் சூழ்ச்சியாகவே அவர்களால் கருதப்பட்டது. 1907 இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு எழுதிய மறுப்பு இன்றும் படிக்கத்தக்கது. (இவர் மேலே குறிப்பிட்ட அஸீஸ் அல்லர்.) அந்தக் கசப்பை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. ஆயினும் கொடை என்ற அளவுகோலை வைத்துப் பார்க்குமிடத்து, 1913 இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியையும், 1921 இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியையும் தம் செல்வத்தால் நிறுவியவர் அவர். 1974 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கப்பட்டது அந்தப் பரமேஸ்வராக் கல்லூரி வளவிலேயே.

அந்தப் பல்கலைக்கழகம் 1980 இல் நடத்திய தன் முதலாவது பட்டமளிப்பு விழாவில், மறைந்த அஸீஸுக்கு இலக்கிய கலாநிதிப் பட்டம் வழங்கிக் கௌரவித்தது. இராமநாதனின் நிலத்தில், வண்ணார்பண்ணை முஸ்லிம் ஒருவருக்கு, தமிழ்ப் பல்கலைக்கழகமொன்று செய்த மரியாதை அது. பத்தாண்டுகள் கழிந்து 1990 ஒக்டோபர் இறுதியில், அதே நகரின் சோனகத் தெருவிலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் சில மணி நேர அவகாசத்தில் வெறுங்கையோடு விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டன. அஸீஸ் பிறந்த மண்ணில் அவர் சமூகத்தினர் எவரும் இல்லாத காலம் ஒன்று வந்தது. அக்காலத்தில் இங்கிருந்தோர் வாய் திறவாதிருந்ததை, நாம் உட்பட, இன்று நினைவுகூராமல் இந்த வரலாற்றை எழுத முடியாது.

இன்னொரு வரலாற்று உண்மையும் இக்கொடைகளின் போக்கை மாற்றியது. 1960 ஆம் ஆண்டின் சட்டத்தினால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. சைவ வித்தியா விருத்திச் சங்கத்தினதும், மிஷனரிகளினதும், முஸ்லிம் தனவந்தர்களினதும் உழைப்பால் எழுந்த பாடசாலைகள் பெரும்பாலும் அரச உடைமையாயின. ஏழைப் பிள்ளைக்கு அதனால் நன்மை விளைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 'நாம் கட்டினோம், அரசு எடுத்துக்கொண்டது' என்ற எண்ணம் கொடையாளர் மனத்தில் தங்கிவிட்டது. அதன் பின்னர் வடக்கில் செல்வர்களின் கொடை பெரும்பாலும் கோயில் திருப்பணிகளை நோக்கித் திரும்பியது என்பது எமது கணிப்பு. நளீம் ஹாஜியார் அக்காலத்திலேயே, அரச பாடசாலை முறைக்கு வெளியே, அரசு நடத்தாத வகைக் கல்வியைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தார்.

குறைகளும் உண்டு. நளீமிய்யா ஆண்களுக்கே உரிய கலாபீடம். 1913 இல் யாழ்ப்பாணத்துத் தனவந்தர் ஒருவர் பெண் கல்வியிலிருந்து தொடங்கினார் என்பதோடு ஒப்பிட்டால், அறுபது ஆண்டுகள் கழித்துத் தொடங்கிய பேருவளைக் கலாபீடம் அவ்வாசலைத் திறவாதது வருந்தத்தக்கதே. மார்க்கக் கல்வியோடு உலகியற் பாடங்களைக் கலந்ததைப் பழைய மரபைச் சார்ந்த உலமாக்கள் சிலர் ஐயத்தோடு நோக்கினர். நளீமிகளின் சிந்தனைப் போக்கை விமர்சித்தோரும் உளர். 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பின்னரோ, குற்றத்தோடு தொடர்பில்லாத முஸ்லிம் கல்வி நிலையங்களும் ஐயக் கண்ணோடு பார்க்கப்பட்டன. மார்க்கத்தை வரலாற்றோடும் சமூக விஞ்ஞானத்தோடும் சேர்த்துப் படிப்பித்த நிறுவனங்கள் பல்கியிருந்தால் வெறித்தனம் முளைக்க இடம் குறைந்திருக்கும் என்று நாம் கருதுகிறோம். அச்சம் ஆட்சி செய்த அந்நாட்களில் இவ்வாறு சொன்னவர்கள் சிலரே.

மீண்டும் நெல்லியடிக்கு வருவோம். போர் ஓய்ந்த 2009 க்குப் பின் இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வரும் பணத்தால் வடமராட்சியின் கோபுரங்கள் உயர்ந்துள்ளன. திருவிழாக்கள் நீண்டுள்ளன. பழைய மாணவர் சங்கங்கள் மண்டபங்களும் கணினி அறைகளும் கட்டிக் கொடுத்துள்ளன. இவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. இடிந்தவற்றைக் கட்டத்தான் வேண்டும். ஆயினும் க.பொ.த. உயர்தரத்தில் சித்தியெய்திப் பல்கலைக்கழக அனுமதி பெற்ற பிள்ளை, விடுதிக்கும் புத்தகத்துக்கும் பணமின்றி எவரிடம் போய் நிற்பது என்று கேட்டால், ஊரில் எவராலும் உடனே ஒரு முகவரியைச் சொல்ல முடிவதில்லை. ஒருவர் தனிப்பட்ட முறையில் உதவுவார். அவர் நோயுற்றால் உதவி நின்றுபோகும். அஸீஸ் 1945 இல் தொடங்கிய நிதி, அவர் இறந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னும் மாணவருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. நளீம் ஹாஜியார் இல்லாத பேருவளையில் ஒவ்வோராண்டும் புதிய மாணவர் தொகுதியொன்று ஏழாண்டுப் படிப்பைத் தொடங்குகிறது.

வெளிநாட்டிலிருந்து கோடை விடுமுறைக்கு வரும் நம்மவர்களும் பாடசாலை அதிபர்களும் அடுத்த முறை கூடிப் பேசும்போது, பெயர்க்கல்லின் வாசகத்தை முடிவு செய்யுமுன், முதலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் செலவிடும் கல்வி நிதியொன்றைச் சட்டப்படி பதிவு செய்வது பற்றியும், அதன் பொறுப்பைக் கொடுத்தவரின் உறவினரிடமன்றி ஓய்வுபெற்ற ஆசிரியர்களிடமும் கணக்காளர்களிடமும் ஒப்படைப்பது பற்றியும் பேசலாம். அந்நிதியிலிருந்து, யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்து இன்னும் காலூன்ற முடியாதிருக்கும் சோனகத் தெருப் பிள்ளைகளுக்கும் ஓரிடம் ஒதுக்குவார்களாயின், வண்ணார்பண்ணை அஸீஸுக்கு வைத்தீஸ்வர வித்தியாலயத்தில் கிடைத்த வாங்கில் அவர்களும் அமர்வார்கள்.